தெற்றிப்பூவுல உக்காராம தேன் குடிக்குதா? அது ஹம்மிங்பேர்ட் இல்ல, ஹாக்மாத்!

நம்ம குமரி மாவட்டத்து வாட்ஸ்அப் குரூப்புகள்ல மழை முடிஞ்ச சீசன்ல கண்டிப்பா ஒரு வீடியோ வரும், "எங்க வீட்டுல ஹம்மிங்பேர்ட் வந்திருக்கு பாருங்க"ன்னு. வீடியோவும் அழகாதான் இருக்கும், ஆனா ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான் வாழுற பறவை, இந்தியாவுல ஒரு இனம்கூட கிடையாது. தக்கலையிலயோ குலசேகரத்துலயோ நம்ம முற்றத்துல அந்தரத்துல நின்னு தேன் குடிக்கிற ஒண்ணப் பாத்தீங்கன்னா அது ஒண்ணு தேன்சிட்டு, இல்லன்னா ஹாக்மாத், அதாவது ஸ்பிங்ஸ் மாத்னு சொல்ற அந்துப்பூச்சி. இந்த ரெண்டாவது ஆள் நம்ம வீட்டுச் செடியிலயே முட்டை போட்டு வளர்ற ஊர்க்காரர், அதனால பேரைச் சரியா தெரிஞ்சுக்கிட்டா அதுக்கும் நல்லது நம்ம செடிக்கும் நல்லது.

மொதல்ல பறவையா பூச்சியான்னு பிரிச்சிடணும். தேன்சிட்டு வாலோட சேத்து பத்து சென்டிமீட்டர் இருக்கும், பகல்ல வர்ற ஹாக்மாத்தோட உடம்பு பெரும்பாலும் நாலு சென்டிமீட்டருக்குள்ளதான், றெக்கையை விரிச்சாலும் ஆறு ஏழுக்கு மேல போகாது. தேன்சிட்டும் அப்பப்போ ஒரு நொடி அந்தரத்துல நிக்கும், அதுலதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க, ஆனா அடுத்த நிமிஷமே காம்பைப் புடிச்சு உக்காந்துரும், கீச்சுன்னு சத்தமும் குடுக்கும். ஹாக்மாத் பூவுல உக்காரவே உக்காராது. தலையப் பாருங்க, ரெண்டு உணர்கொம்பு நீட்டிக்கிட்டு இருந்தா அது பூச்சி, இதுல சந்தேகமே வேண்டாம். அலகுன்னு நீங்க நெனச்சது உறிஞ்சுகுழல், பூவை விட்டுக் கிளம்பும்போது அதைச் சுருட்டி முகத்துக்குக் கீழ வச்சுக்கும், எந்தப் பறவையாலயும் அலகைச் சுருட்ட முடியாதே. கறுப்பா நீலம் மின்னுற பெரிய வண்டு ஒண்ணு (மரத்துல ஓட்டை போடுமே, அது) அதையும் சிலர் இதுன்னு நெனச்சுடுவாங்க, ஆனா அது பூவைக் கட்டிப் புடிச்சு உக்காந்துதான் குடிக்கும்.

பாக்கணும்னா துரத்தாதீங்க, இதுதான் முக்கியம். துரத்தினா ரெண்டு நொடியில காணாமப் போயிடும். வீட்டுல தெற்றி (இட்லிப்பூ), உன்னிப்பூ, பென்டாஸ், வேலியோரத்துல நீலமா பூக்குற சீமை நாயுருவி, இதுல ஏதாவது கொத்தா பூத்திருந்தா அதுக்கு நாலஞ்சு அடி தள்ளி சும்மா நில்லுங்க, ஒரு கொத்துல இருந்து இன்னொரு கொத்துக்குப் போயிட்டு திரும்ப மொதல் கொத்துக்கே வர்றதுண்டு. காலையில வெயில் ஏறி இலையில ஈரம் காஞ்ச பிறகு நல்ல நேரம், அப்புறம் வெயில் தாழ்ற நேரம். நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் கிடைக்குது இல்லயா, புதுத் தளிர் வருஷத்துல ரெண்டு வாட்டி தாராளமா வரும், தளிர் வந்தா புழுவும் வரும், புழு வந்தா கொஞ்ச வாரத்துல பூச்சியும் வரும். அதனால மழை விட்டு வெயில் அடிக்கிற நாட்களைத் தவற விடாதீங்க.

பகல்ல வர்றதுல நம்ம தோட்டத்துல ரெண்டு கூட்டம் இருக்கு, இத மட்டும் பிரிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

மொதல் கூட்டம் கண்ணாடி றெக்கைக்காரர், அறிவியல் பேர் செஃபோனோட்ஸ் ஹைலாஸ். றெக்கையில நிறமே இருக்காது, பின்னாடி இருக்கிற இலை அப்படியே தெரியும், கறுப்பு நரம்பு மட்டும் கோடு கோடா ஓடும், ஓரத்துலயும் நுனியிலயும் கொஞ்சம் கறுப்பு. முதுகு முழுக்க மஞ்சள் கலந்த பச்சை ரோமம், வயித்துக்கு நடுவுல சிவப்பும் காவியும் கலந்த ஒரு பட்டை, வால் நுனியில கறுப்பா ஒரு குஞ்சம், அடிப்பக்கம் வெளுப்பு. கூட்டுல இருந்து புதுசா வெளிய வரும்போது றெக்கை மேல சாம்பல் நிறச் செதில் மெல்லிசா ஒட்டியிருக்கும், மொதல் தடவை றெக்கையை அடிச்சுப் பறக்கும்போதே அது உதிர்ந்து போயிடும், அப்புறம்தான் கண்ணாடி மாதிரி ஆகுது. காலையில கந்தராஜன் (கார்டீனியா) செடி அடியில றெக்கை மங்கலா உக்காந்திருக்கிற ஒண்ணக் கண்டா தொடாம காத்திருங்க, அதைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்.

ரெண்டாவது கூட்டம் மேக்ரோகுளோசம். இதோட முன் றெக்கை மரப்பட்டை நிறத்துல காவியும் சாம்பலும் கலந்து இருக்கும், பின் றெக்கையில மஞ்சளோ ஆரஞ்சோ பளிச்சுன்னு ஒரு திட்டு, வயித்தோட ரெண்டு பக்கத்துலயும் பல இனங்களுக்கு மஞ்சள் புள்ளிங்க இருக்கும். பறக்கும்போது வால் குஞ்சத்தை விசிறியா விரிச்சுத் திருப்பும், அந்த நொடியைப் புடிச்சா படம் அட்டகாசமா வரும். இதுல ஒரு சிக்கல், உக்காந்துட்டா முன் றெக்கை பின் றெக்கையை மூடிடும், மஞ்சளே தெரியாது, சுவத்துல ஒட்டுன ஒரு காஞ்ச துண்டுன்னு தாண்டிப் போயிடுவோம்.

கூகுள்ல தேடினா மொதல்ல வர்றது மேக்ரோகுளோசம் ஸ்டெல்லாட்டாரம். அது ஐரோப்பாவுலயும் ஆசியாவோட மிதமான குளிர்ப் பகுதிகள்லயும் பிரபலமான இனம். தயவுசெஞ்சு நம்ம ஊர்ப் படத்துக்கு அந்தப் பேரைக் கண்ண மூடிட்டு போடாதீங்க. தென்னிந்தியாவுல கைரன்ஸ், பெலிஸ், கோரிதஸ்னு இந்தக் கூட்டத்துல பல இனங்க இருக்கு, பின் றெக்கை தெளிவாத் தெரியாத படத்த வச்சு அதுக்குள்ள பிரிக்கிறது ரொம்ப கஷ்டம், "மேக்ரோகுளோசம் கூட்டம்"னு நிறுத்திக்கிறதுதான் நேர்மை.

இருட்டு விழுந்த பிறகு வர்றது வேற ஆட்கள், அளவும் பெருசு. பச்சையில பல ஷேடு கலந்து வெண்மையும் ரோஸும் ஓடுனா அது அரளி ஹாக்மாத், டாஃப்னிஸ் நீரி. சாம்பல் உடம்புல வயித்துப் பக்கவாட்டுல ரோஸும் கறுப்பும் பட்டை பட்டையா இருந்து, உறிஞ்சுகுழல் உடம்பை விட நீளமா இருந்தா அது அக்ரியஸ் கன்வால்வுலி, இதோட புழு சர்க்கரைவள்ளிக் கொடியில இருக்கும்.

வளர்ந்த பூச்சியப் பாக்குறத விட புழுவக் கண்டுபுடிக்கிறது எளுப்பம், எனக்கு இதுலதான் ரொம்ப ஆசை. கண்ணாடி றெக்கைக்காரரோட புழு கந்தராஜன்லயும் காப்பியிலயும் வளரும், மேக்ரோகுளோசம்ல சில இனங்களுக்கு மஞ்சணத்தி, அரளி ஹாக்மாத்துக்கு அரளியும் நந்தியாவட்டையும். செடியில புழுவைத் தேடாதீங்க, இலை நிறத்துலயே இருக்கிறதால கண்ணுக்குச் சிக்காது, செடிக்குக் கீழ தரையப் பாருங்க. கறுப்பா மிளகு அளவுல எச்சம் சிதறிக் கெடக்கும், ஒண்ண எடுத்து உத்துப் பாத்தா நீளவாக்குல வரி வரியா பள்ளம் இருக்கும். அதுக்கு நேர் மேல தலையத் தூக்குங்க, நரம்பு மட்டும் மிச்சமான இலைக்குப் பக்கத்துல வால்ல ஒத்தக் கொம்போட புழு இருக்கும். அந்தக் கொம்பு கொட்டாது, விஷமும் இல்ல, குழந்தைங்க பக்கத்துல போய்ப் பாக்கலாம். அரளிப் புழுவத் தொந்தரவு பண்ணினா தலைக்குப் பின்னாடி நீலமா ரெண்டு பெரிய கண்ணக் காட்டும், அது நெஜக் கண்ணு இல்ல, குருவிய மெரட்டுறதுக்கு.

ஒரு செடியில நாலஞ்சு புழு இலையத் தின்னா மருந்தடிக்க ஓடாதீங்க, கந்தராஜனும் அரளியும் மறுபடி தளிர்த்துரும். இந்தப் புழுக்கள் கூட்டுப்புழுவா மாறுறது தரையில, சருகுக்கு அடியிலயோ மண்ணுக்குள்ளயோ, அதனால செடி மூட்டுல கெடக்குற சருகை வாரித் தீ வைக்காம விட்டுருங்க.

படம் எடுக்க பெரிய கேமரா வேணும்னு இல்ல, போன்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து அதுல தெளிவான ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் பண்ணுங்க. கேமரான்னா ஷட்டர் 1/2000 வைங்க, அப்பவும் றெக்கை நுனி கொஞ்சம் கலங்கலாம், பரவாயில்ல. மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, எந்தப் பூவுல இருந்துச்சுன்னு ஒண்ணு. தேதியும் ஊரும் சேத்து ஐநேச்சுரலிஸ்ட்ல (உயிரினப் படங்களைப் பதிவு பண்ற இணையதளம்) போட்டா தெரிஞ்சவங்க பேரு சொல்லுவாங்க, 2012-லருந்து ஜூலை கடைசியில நேஷனல் மாத் வீக் நடக்குது, அந்த வாரத்துல போட்டா பாக்குற கண்ணும் அதிகம். புழு படம் போடும்போது செடியோட பேரை மறக்காம எழுதுங்க, பாதி நேரம் அத வச்சுதான் இனத்தையே முடிவு பண்ணுவாங்க.