தீயணைப்பு வீரர் பணிக்கான நேர்காணலுக்குத் தயாராவது எப்படி

உடல் தகுதித் தேர்வுக்காக மாதக்கணக்கில் ஓடியும் ஏணி ஏறியும் எடை தூக்கியும் உழைக்கும் இளைஞர்களில் பலர், நேர்காணலுக்கு மட்டும் முந்தின நாள் மாலையில்தான் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். இது பெரிய தவறு. நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஓடி முடித்தவர்கள், எழுதித் தேறியவர்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்க, புகை சூழ்ந்த அறையில் இவரை என் பின்னால் நம்பி விடலாமா, ஒரே நிலையத்தில் நாள் முழுவதும் இவருடன் சேர்ந்து உண்டு உறங்கி வேலை செய்ய முடியுமா என்ற இரண்டு கேள்விகளையே அனுபவமுள்ள அலுவலர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலான இடங்களில் பணியில் இருக்கும் அலுவலர்களும் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் அடங்கிய குழு ஒன்று நேர்காணலை நடத்தும். எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் உறுப்பினர்கள் தனித்தனியே மதிப்பெண் இடுவது பரவலான முறை. நீங்கள் பேசும்போது அவர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தால், பதில் பிடிக்கவில்லை என்று கலங்க வேண்டாம். அவர்கள் தம் வேலையைச் செய்கிறார்கள். வாயால் சொன்னதற்குத்தான் மதிப்பெண் என்பதையும் நினைவில் வையுங்கள். முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டிருந்தாலும், கேள்விக்குப் பொருத்தமான இடத்தில் அதை நீங்களே எடுத்துச் சொல்லாவிட்டால் அது கணக்கில் வராமலே போகலாம்.

தயாரிப்பின் முதல் வேலை, இந்தப் பணியை உள்ளபடி அறிந்துகொள்வது. நெருப்பை அணைப்பது இதன் ஒரு பகுதி மட்டுமே. சாலை விபத்தில் நசுங்கிய வாகனத்திலிருந்து ஆளை வெளியே எடுப்பது, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பது, நின்றுபோன லிப்டைத் திறப்பது, இரசாயனக் கசிவைக் கட்டுப்படுத்துவது, கட்டடங்களில் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சரிபார்ப்பது, பள்ளிகளில் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவது ஆகியவையும் இந்தப் பணியே. மருத்துவ அவசர உதவியும் இதே துறையின் பொறுப்பாக இருக்கும் நாடுகள் சிலவற்றில், தீ விபத்துக்கான அழைப்புகளைவிட நோயாளிகளுக்கான அழைப்புகளே மிகுதி. அழைப்பு இல்லாத நேரத்தில் ஹோஸ்களைக் கழுவி உலர்த்துவதும், மூச்சுக் கருவிகளைச் சோதிப்பதும், கழிவறையைச் சுத்தம் செய்வதும் புதிதாகச் சேருபவரின் பொறுப்பில்தான் பெரும்பாலும் விழும்.

இவற்றை நேரில் தெரிந்துகொள்ள, முன்னதாகத் தொலைபேசியில் அனுமதி கேட்டு ஒரு தீயணைப்பு நிலையத்துக்குச் சென்று வாருங்கள். அங்குள்ளவர்களிடம் முதல் ஆண்டில் எது கடினமாக இருந்தது, புதியவர்கள் எந்தத் தவறை அடிக்கடி செய்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில்கள் எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும்விட உதவும். அழைப்பு மணி அடித்தால் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

அப்படிச் சென்று வந்த பிறகு, ‘ஏன் இந்தப் பணி?’ என்ற கேள்விக்கான பதில் தானாகவே திருந்தும். சிறுவயதுக் கனவு என்ற பதில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை அந்தக் குழு அன்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும். கனவு தோன்றியதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள் என்பதற்கு நேரம் கொடுங்கள்.

அடுத்து ஒரு குறிப்பேட்டை எடுத்து, உங்கள் வாழ்க்கையில் நடந்த எட்டுப் பத்து நிகழ்ச்சிகளை எழுதுங்கள். உடன் வேலை செய்தவரோடு ஏற்பட்ட பிணக்கு, அவசரத்தில் எடுத்த முடிவு, நீங்கள் செய்த தவறு, விருப்பமில்லாவிட்டாலும் முழுமையாகச் செய்து முடித்த வேலை, உங்களிலிருந்து மிகவும் வேறுபட்ட பின்னணி கொண்டவரோடு பழகிய அனுபவம் என்று அவை பலவகையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன ஆயிற்று என்ற வரிசை தெளிவாக வர வேண்டும். எடுத்துக்காட்டாக, கிடங்கில் வேலை செய்த ஒருவர், அவசர வழிக் கதவை மறித்துப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு மேற்பார்வையாளரிடம் சொன்னதையும், நேரமில்லை என்று அவர் மறுத்தபோது வேலை முடிந்தபின் தாமே இருந்து பெட்டிகளை நகர்த்தியதையும், மறுவாரம் தரையில் மஞ்சள் கோடு போடச் சம்மதிக்க வைத்ததையும் சொன்னால், அந்தச் சிறிய நிகழ்ச்சியே அவருடைய கவனத்தையும் பொறுமையையும் விடாமுயற்சியையும் காட்டிவிடும். ஒருவரைக் காப்பாற்றிய சாகசக் கதை கையில் இல்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

இங்கே நம் பேச்சுவழக்கு ஒன்று இடறுகிறது. தன்னடக்கத்தால் ‘செய்தேன்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, எல்லாவற்றையும் ‘செய்தோம்’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். குழுவின் உழைப்பைக் குழுவுக்கே உரியதாகச் சொல்வது நல்லது. ஆனால் அந்த ‘ஓம்’ என்ற விகுதிக்குள் உங்கள் பங்கு மறைந்துவிட்டால் கேட்பவர் எதற்கு மதிப்பெண் தருவார்? ‘மூவரும் சேர்ந்து தூக்கினோம், அதற்கு முன் பாதையை நான் சரிபார்த்தேன்’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சூழ்நிலைக் கேள்விகளுக்குத்தான் மிகுந்த சிந்தனை தேவை. பணி தொடங்கும் நேரத்தில் சக வீரரிடம் மது வாடை அடிக்கிறது. எரிந்த வீட்டில் மூத்தவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பையில் போடுகிறார். அலுவலரின் உத்தரவு சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். மூன்றுக்கும் ஒரே பதிலை ஒப்பிப்பவர்கள் தடுமாறுவார்கள். சிறு பிணக்குகளை அந்த நபரிடமே தனியாகப் பேசித் தீர்ப்பது முறைதான். மது அருந்தியவர் வண்டியில் ஏறுவது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அங்கே காத்திருக்க இடமில்லை, அவர் ஏறாமல் பார்த்துக்கொண்டு உடனே அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். திருட்டைக் கண்டும் மறைப்பது, கதவைத் திறந்து நம்மை உள்ளே விட்ட மக்களின் நம்பிக்கையை உடைப்பது. அதையும் மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். உத்தரவு விஷயத்தில், சம்பவ இடத்தில் விவாதம் நடத்த முடியாது. உடனடி ஆபத்தையோ சட்டமீறலையோ கண்டால் ஒரே வாக்கியத்தில் தெளிவாக எச்சரியுங்கள். வெறும் கருத்து வேறுபாடு என்றால் உத்தரவை நிறைவேற்றிவிட்டு, நிலையத்துக்குத் திரும்பியபின் காரணத்தைக் கேளுங்கள்.

உங்கள் பதிலுக்குப் பிறகு, ‘அவர் உங்கள் நெருங்கிய நண்பராக இருந்தால்?’ என்று அழுத்திக் கேட்பது உண்டு. புதிய தகவல் வந்தால் காரணம் சொல்லி முடிவை மாற்றலாம். அழுத்தம் மட்டுமே வந்தால் சொன்னதில் நில்லுங்கள்.

இன்னொரு கேள்வியையும் தனியே சிந்தித்து வையுங்கள். வீடு எரிகிறது, உள்ளே குழந்தை இருக்கிறது என்று தாய் கதறுகிறார், உங்களிடம் மூச்சுக் கருவி இல்லை. துணிச்சலைக் காட்டும் ஆவலில் ‘உடனே உள்ளே ஓடுவேன்’ என்று சொல்பவர்கள் ஏராளம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். எரியும் நுரைமெத்தைகளிலிருந்து ஹைட்ரஜன் சயனைடும் வரும். நீங்கள் அங்கே மயங்கி விழுந்தால், உங்கள் குழு ஒருவருக்குப் பதிலாக இருவரைத் தேட நேரிடும். குழந்தை எந்த அறையில், கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்பதைத் தாயிடம் கேட்டு அலுவலருக்கு உடனே தெரிவிப்பது, கருவி அணிந்தவர்கள் நுழையத் தேவையானதை அவர் சொன்னபடி விரைந்து செய்வது, தாய் மீண்டும் உள்ளே ஓடாமல் தடுப்பது என்று வரிசையாகச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையைக் காப்பாற்றும் வழி அதுதான்.

தொழில்நுட்ப அறிவைப் புதியவரிடம் பெரும்பாலும் ஆழமாகச் சோதிப்பதில்லை. இருந்தாலும் எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகியவற்றோடு தொடர் வேதிவினையும் சேர்ந்தே தீ நிலைக்கிறது என்பதையும், எரியும் எண்ணெயில் ஊற்றிய நீர் அடியில் இறங்கி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து ஆவியாகி எண்ணெயை வாரி இறைக்கும் என்பதையும் அறிந்திருங்கள். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் அழுத்தப்பட்ட காற்றே, ஆக்சிஜன் அல்ல. இதில் தவறுபவர்கள் பலர். தீயணைப்புப் பணியின் வெளிப்பாடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-இல் வகைப்படுத்தியது. ஆகவே கரி படிந்த உடையை வீரத்தின் அடையாளமாகப் பேசாதீர்கள். தீயிலிருந்து வந்ததும் உடையையும் உடலையும் கழுவும் பழக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுவதே நேர்மை.

மரணங்களை, குறிப்பாகக் குழந்தைகளின் மரணத்தைப் பார்க்க நேர்ந்தால் எப்படித் தாங்குவீர்கள் என்றும் கேட்கலாம். ‘என்னை எதுவும் பாதிக்காது’ என்பவரை அனுபவமுள்ள அலுவலர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. பாதிக்கும் என்று ஒப்புக்கொண்டு, உறக்கம், உடற்பயிற்சி, மனம் விட்டுப் பேசும் நபர், தேவைப்பட்டால் ஆலோசகர் என உங்கள் வழிகளைச் சொல்லுங்கள்.

பதில்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது, வாய்விட்டுப் பேசுங்கள். செல்பேசியில் பதிவு செய்து கேட்டால், எங்கே இழுக்கிறோம், எங்கே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பது தெரியும். ஒரு பதில் இரண்டு அல்லது மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வரிக்கு வரி மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் முழுப் பதிலும் சரியும். நிகழ்ச்சியின் வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள்.

நேர்காணல் நாளில் அரை மணி முன்னதாக, எளிய தூய உடையில், அசல் சான்றிதழ்களோடு சென்று, செல்பேசியை அணைத்துவிடுங்கள். வாசலில் இருப்பவரிடமும் அதே மரியாதையோடு பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம்; சில நொடிகள் யோசித்துப் பேசுவதும் குறையாகாது. இறுதியில் ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டால், அதுவரை சொல்ல வாய்ப்புக் கிடைக்காத ஒரு தகுதியை ஒரு நிமிடத்துக்குள் சொல்லி நன்றி கூறுங்கள். முதல் முயற்சியிலேயே தேர்வாகாதவர்கள் பலர் என்பதால், வீடு திரும்பிய அன்றே கேட்கப்பட்ட கேள்விகளையும், தடுமாறிய இடங்களையும் அதே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.