லினக்ஸ் கணினியில் சீன எழுத்து: சீனாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வீட்டு முகவரி, பார்சல் விவரம், அலுவலகப் படிவம் என்று வந்த சில நாட்களிலேயே சீனத்தில் அடிக்க வேண்டிய வேலை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் போனிலிருந்து காப்பி செய்து ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். கணினியிலேயே அமைத்துவிடலாம், வேலை கொஞ்சம்தான்.

தனிக் கீபோர்டு வேண்டாம். இங்குள்ளவர்களும் பெரும்பாலும் சாதாரண ஆங்கிலக் கீபோர்டில்தான் அடிக்கிறார்கள். உச்சரிப்பைப் பின்யின் முறையில் ஆங்கில எழுத்துகளில் அடித்தால் சீனச் சொற்களின் பட்டியல் வரும். எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். முதல் சொல்லே சரி என்றால் ஸ்பேஸ் போதும்.

உபுண்டு போன்ற க்னோம் டெஸ்க்டாப்பில், பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ் என்ற மென்பொருள் ஏற்கெனவே இருக்கும். அதற்கான பின்யின் தொகுப்பான ஐபஸ்-லிப்பின்யினை நிறுவிவிட்டு லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். பலர் இதைச் செய்யாமல், பட்டியலில் எதுவும் வரவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் 'இன்டெலிஜென்ட் பின்யின்' என்பதைச் சேருங்கள். வெறும் 'சைனீஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதைச் சேர்த்தால் ஆங்கில எழுத்துதான் விழும். மொழி மாற்ற சூப்பர் விசையோடு (விண்டோஸ் படம் உள்ள விசை) ஸ்பேஸ்.

கேடிஇ டெஸ்க்டாப்பாக இருந்தால், ஐபஸ் போலவே வேலை செய்யும் எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐயும் அதன் சீனத் துணைத் தொகுப்பையும் போடுங்கள். டெஸ்க்டாப் வேலாண்டில் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) ஓடினால், சிஸ்டம் செட்டிங்ஸின் விர்ச்சுவல் கீபோர்டு பகுதியில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதையும் ஐபஸையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஓடவிட்டால் சீனம் அடிப்பது சில செயலிகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. தமிழையும் அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் இரண்டுக்குமே எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பு உண்டு, அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கான நோட்டோ சிஜேகே எழுத்துருவை நிறுவுங்கள்.

பின்யினில் இரண்டு விஷயம் முதலில் திணறவைக்கும். மேலே இரண்டு புள்ளி வைத்த 'யு' கீபோர்டில் இல்லை. அதற்கு 'வி' விசை. அடுத்து, ஷியான் நகரத்தின் பெயரைச் சேர்த்து அடித்தால் ஓரசைச் சொற்கள் முன்னால் வந்து நிற்கும். 'எக்ஸ்', 'ஐ' அடித்து, ஒற்றை மேற்கோள் குறி போட்டு, மீதியை அடித்தால் இரண்டு அசையாகப் பிரித்துக்கொள்ளும். தொனிக்குறி எதுவும் போட வேண்டாம்.

முதலில் உங்கள் முகவரியை அடித்துப் பழகுங்கள். அடிக்கடி தேர்ந்தெடுக்கும் சொற்களை அது நினைவில் வைத்துப் பட்டியலில் முன்னுக்குக் கொண்டுவரும். நாலைந்து முறை அடித்தபின் தெருப் பெயரைத் தேட வேண்டியிருக்காது.