அத்தையால் கூப்பிட முடியாத பெயர்

பேரனுக்குத் தாத்தா பெயர்தான் என்றார் அத்தை. 'பெயரன்'தானே பேரன் ஆனது, சரி என்றோம். வேலாயுதம். குழந்தையின் நட்சத்திரமான மிருகசீரிடத்துக்குப் பெயரின் முதலெழுத்து வே, வோ, கா, கி; அதுவும் பொருந்தியது.

ஆனால் தொட்டிலருகே குனிந்த அத்தைக்குப் பெயர் வாயில் வரவில்லை. கணவர் பெயரை வாழ்நாளில் சொல்லாதவர். கிலுகிலுப்பையை மட்டும் ஆட்டிக்கொண்டே நின்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நல்லவேளை, பிறப்பைப் பெயரில்லாமல்தான் பதிந்திருந்தோம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அப்புறம் தினம் ஒரு பெயராக, அடுப்படியிலிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். 'கார்த்திவேல்' என்ற அன்று, கூடத்திலிருந்து அத்தையே "கார்த்தி, அம்மா கூப்பிடுறா பாரு" என்றார். தாத்தாவின் வேலும் இருக்கிறது. ழகரம் இல்லாததால் ஆங்கிலத்தில் எழுதவும் குழப்பமில்லை. மறுநாளே நகராட்சியில் சேர்த்துவிட்டோம்.