சிட்னியில் சரிவு மனையைச் சமப்படுத்தப் போகிறீர்களா? இலவச மண் வேண்டாம்

டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் நம் ஆட்கள் பழைய வீடு வாங்கினால், பின்பக்கத் தோட்டம் பல நேரம் சரிவாகத்தான் இருக்கும். கொஞ்சம் மண் அடித்துச் சமமாக்கினால் பிள்ளைகள் விளையாடலாமே என்று உடனே தோன்றும். தோன்றட்டும், லாரிக்குச் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அனுமதி விஷயம் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. நியூ சவுத் வேல்ஸில் இப்போதுள்ள தரைமட்டத்திலிருந்து 60 செ.மீ.க்கு மேல் வெட்டாமலும் நிரப்பாமலும், எல்லையிலிருந்து 1 மீட்டர் தள்ளி, மழைத்தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகாதபடி செய்தால் பொதுவாகக் கவுன்சிலிடம் போக வேண்டாம். மண்ணைத் தாங்கும் சுவரின் உயரத்துக்கும் அதே 60 செ.மீ.தான். அதன் பின்னால் வடிகுழாய் போட்டு வீட்டு மழைநீர்க் குழாயோடு சேர்க்க வேண்டும். கழிவுநீர் மெயின் குழாய், ஈஸ்மென்ட் (குழாய், வழி போன்றவற்றுக்காக மற்றவர்களுக்கு உரிமை பதிவான நிலப்பகுதி) இருந்தால் அவற்றிலிருந்தும் 1 மீட்டர் விலக வேண்டும். ஹெரிடேஜ் (பாரம்பரியக் கட்டட) பட்டியலில் உள்ள வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. அளவு மீறினால் கவுன்சிலுக்கு டிஏ (கட்டுமான அனுமதி விண்ணப்பம்) போடுங்கள், அல்லது சிடிசி (விதிகளுக்குப் பொருந்தினால் கிடைக்கும் விரைவு அனுமதிச் சான்று) கிடைக்குமா என்று சான்று தரும் தனியார் சர்டிஃபையரிடம் கேளுங்கள். தோண்டும் முன் ‘பிஃபோர் யூ டிக்’ தளத்தில் முகவரி கொடுத்தால் குழாய், கேபிள் வரைபடம் இலவசமாக வரும்.

என் நண்பர் இதையெல்லாம் டேப் வைத்து அளந்து ஒழுங்காகத்தான் செய்தார். மாட்டிக்கொண்டது மண்ணில்.

‘கிளீன் ஃபில் (சுத்தமான நிரப்பு மண்), இலவசம், நாங்களே கொண்டுவந்து கொட்டுகிறோம்’ என்று ஒரு விளம்பரம். சென்னையில் ரோடு உயர உயர, இடித்த வீட்டு ரப்பிஷை வாங்கிக் கொட்டி மனையை உயர்த்திப் பழகியவர்கள்தானே நாம்? நடுவில் செங்கல் துண்டுகள் கிடந்தது அவருக்கு உறுத்தவே இல்லை. மேலே புல்லும் பதித்தாயிற்று. ஒரு பெருமழைக்குப் பிறகு சுவரோரம் சாம்பல் நிறத்தில் தட்டைத் துண்டுகள் வெளியே தெரிந்தன. உடைந்த விளிம்பெல்லாம் நார் நாராக இருந்தது. பழைய வீடுகளின் சுவர்களில் அடித்த ஃபைப்ரோ சிமென்ட் ஷீட். ஆய்வகத்தில் கொடுத்தால் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது புற்றுநோய் தரும் நார்ப்பொருள், என்றார்கள்.

இடிபாட்டைக் குப்பைக் கிடங்கில் சேர்க்க டன் கணக்கில் லெவி (அரசுக் கட்டணம்) கட்ட வேண்டும். உங்கள் தோட்டத்தில் கொட்டினால் அந்தக் காசு லாரிக்காரனுக்கு மிச்சம். ஆஸ்பெஸ்டாஸை இங்கே 2003 டிசம்பர் 31 முதல் அடியோடு தடை செய்துவிட்டார்கள். ஆனால் இப்போது இடிபடுகிறவை அதற்கு முந்தைய வீடுகள். 2024 ஜனவரியில் சிட்னியின் ரோசெல் பார்க்லேண்ட்ஸ் பூங்காவில் செடிகளைச் சுற்றிப் போட்ட மல்ச்சிலேயே (மூடாக்கு) அது கிடைத்து, பூங்காவை மூடினார்கள். அரசாங்கத்துக்கே இந்தக் கதி! கொட்டியவன் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவான், நிலத்துக்காரர்தான் பதில் சொல்லியாக வேண்டும். லைசென்ஸ் உள்ளவர்களைக் கூப்பிட்டு, மண்ணைத் தோண்டி எடுத்து, மூடிக் கட்டி அனுப்பியதில் நண்பர் சமையலறைக்கென்று வைத்திருந்த பணம் போயிற்று. இன்னொன்று, வெளியிலிருந்து வரும் மண் கலப்படமில்லாத இயற்கை மண்ணாக இருந்தால்தான் அந்த 60 செ.மீ. சலுகையே செல்லும்.

இதைச் சொன்னால், ‘எனக்குக் கொட்டியவர் நல்ல மாதிரி, நம்பர் தரட்டுமா?’ என்கிறார்கள். என்ன சொல்ல!

மண் வாங்கியே ஆக வேண்டுமென்றால் வி.இ.என்.எம். (தோண்டியெடுத்த, கலப்படமில்லாத இயற்கை மண்) என்ற சான்று கேளுங்கள், எங்கே தோண்டியது என்று அதில் இருக்கிறதா பாருங்கள். லாரி நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, கொட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அதைவிட, மேல்பக்கம் 30 செ.மீ. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் போட்டுக் கெட்டியாக இடித்துவிட்டால் பெரும்பாலும் லாரியே வேண்டியிருக்காது.