ஏர்பிரஷ் வாங்கியவுடன் ஸ்பேனரை ஒளித்து வையுங்கள்

சமீபத்தில் ஒரு தம்பி, மினியேச்சர் எனப்படும் சின்னப் பொம்மைகளுக்குக் காற்றால் பெயின்ட் தூவுகிற தன் புது ஏர்பிரஷ்ஷைக் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணா, பெயின்ட் கப்புக்குள்ள குமிழ் குமிழா வருது. ஆனா நல்லா டைட் பண்ணித்தான் வச்சிருக்கேன்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்மூடியைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். பயந்தது சரிதான். பெயின்ட் வெளியே வரும் சின்னக் குழலான நாசிலின் வாய் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல்.

அவர் மேல் கோபமே வரவில்லை. அதே விரிசலை நானும் ஒரு காலத்தில் என் கையாலேயே உண்டாக்கியிருக்கிறேன். அதற்கு மேலும் செய்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயின்ட் பாட்டிலைக் குலுக்கு, வேலை முடிந்தால் கழுவு, முதலில் காகிதத்தில் பழகு என்பதெல்லாம் பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ள தலைப்புகள் பெரும்பாலும் புதியவர்கள் செய்யும் தவறுகள்.

சின்ன நாசில்தான் நுணுக்கமானது என்று நம்புவது

28 மில்லிமீட்டர் பொம்மைக்கு எவ்வளவு சின்ன ஓட்டை கிடைக்குமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, முதல் ஏர்பிரஷ்ஷையே 0.2 மில்லிமீட்டர் நாசிலோடு வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். நிறம் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் பிரைமர் அடைத்துக்கொண்டது, வெள்ளை அடைத்துக்கொண்டது, உலோக நிறங்களின் மினுமினுப்புத் துகள்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டன.

கோடு எவ்வளவு மெல்லியதாக வரும் என்பதை நாசில் மட்டும் முடிவு செய்வதில்லை. பெயின்ட் எவ்வளவு நீர்த்திருக்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு குறைவு, ஏர்பிரஷ் பொம்மைக்கு எவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறது, விரல் எவ்வளவு அளந்து இழுக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் கோடு. 0.3 அல்லது 0.4 நாசிலில் தொடங்கினால் பாதித் தலைவலி இல்லை. அப்புறம், கண்ணும் புருவமும் எப்படியும் தூரிகையில்தான் வரையப் போகிறீர்கள். மினியேச்சரில் ஏர்பிரஷ்ஷின் வேலை பிரைமர், அடி நிறம், நிறத்துக்கு நிறம் மெல்லக் கரையும் மாற்றம், மேலிருந்து விழும் வெளிச்சம் ஆகியவை. முழு உருவத்துக்கும் கறுப்பு, சாய்வாக மேலிருந்து சாம்பல், உச்சியிலிருந்து மட்டும் வெள்ளை. இந்த மூன்று படி வெளிச்சத்தை 0.4 நாசில் அலுங்காமல் செய்யும்.

"பால் பதம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது

பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பால் என்று யாரும் சொல்வதில்லை. சில பாட்டில்களில் பெயின்ட் ஏற்கெனவே தண்ணீராக இருக்கும், சிலவற்றில் பசை மாதிரி நிற்கும். அதனால் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கெல்லாம் வேறு பாட்டிலுக்கு மாறினால் உதவாது.

நான் பார்ப்பது கப்பின் சுவரை. தூரிகையால் கலவையைக் கொஞ்சம் சுவரில் ஏற்றிவிடுகிறேன். அது வழுக்கி இறங்கி, பின்னால் மெல்லிய நிறப்படலத்தை விட்டுச்சென்றால் சரி. சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கெட்டி. தடமே இல்லாமல் ஓடிவிட்டால் நீர்த்துவிட்டது, அடிக்கும்போது பொம்மையின் மேல் சிலந்திக்கால் போலக் கிளை கிளையாக ஓடும்.

கப்பில் முதலில் பெயின்ட் ஊற்றுவது

பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் முதலில். பெயின்ட் பிறகு. இல்லையென்றால் கரையாத கெட்டிப் பெயின்ட் அடிக்குழியில் இறங்கி நேராக நாசிலுக்குப் போய்விடும்.

பெயின்ட் வரவில்லை என்றதும் அழுத்தத்தை ஏற்றுவது

தூவல் நின்றுவிடுகிறது. கை தானாக ரெகுலேட்டருக்குப் போகிறது. 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) 25 ஆகிறது, 25 என்பது 35 ஆகிறது. திடீரென ஒரு துப்பல், பொம்மையின் முகத்தில் பொட்டு.

அக்ரிலிக் பெயின்ட் சீக்கிரம் காயும். நாசிலுக்குள் செருகியிருக்கும் ஊசியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு, ஓடும் காற்றின் நடுவில் நிற்கிறது. அங்கே பெயின்ட் படிந்து காய்ந்து ஒரு சின்னக் கொண்டை போட்டுவிடும். அழுத்தத்தை ஏற்றினால் இன்னும் வேகமாகக் காற்று ஓடும், இன்னும் வேகமாகக் காயும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, கிளீனரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் நுனியைத் துடைத்தாலே போதும். காயும் வேகத்தைக் குறைக்கும் திரவம் ஓரிரு துளி சேர்த்தால் இன்னும் நல்லது. 0.3 நாசிலில் நீர் அடிப்படை அக்ரிலிக்குக்கு நான் பெரும்பாலும் 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள்தான் இருக்கிறேன். பிரைமர் என்றால் கொஞ்சம் கூட.

இன்னொன்று, டிரிகரை அமுக்காதபோது அழுத்த மானி காட்டும் எண் பொய். அமுக்கிக் காற்று ஓடத் தொடங்கியதும் முள் இறங்கும். இறங்கி நிற்கிற எண்தான் கணக்கு.

இறுக்குவது

இதுதான். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் வருகிற ஒன்று.

தண்ணீர்க் குழாய் சொட்டினால் இறுக்குகிறோம். மூடி கசிந்தால் இறுக்குகிறோம். சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழகிப்போன நியாயம் அது. ஏர்பிரஷ் பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பேனரையும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்க வேண்டுமா?

நான் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தினமும் நாசிலைக் கழற்றுவேன், மறுபடி மாட்டுவேன், கடைசியில் ஸ்பேனரால் "இருக்கட்டுமே" என்று ஒரு சின்னத் திருகு. அந்தச் சின்னத் திருகு ஒவ்வொன்றும் மரையைத் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நாசில் நெல்மணி அளவு பொருள். அதன் அடியில் உள்ள மரை அதிலும் பாதி. உலோகம்தான், ஆனால் காகிதம் போலச் சன்னம்.

ஒருநாள் இரவு பத்துப் போர்வீரர்களுக்கு அடி நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது ஆளில் கப்பில் குமிழ் வந்தது. நாசில் தளர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி ஒரு திருகு. குமிழ் நிற்கவில்லை. இன்னொரு திருகு. பல்லில் கல் கடிபட்டது மாதிரி ஒரு சின்ன "டிக்". ஸ்பேனரில் நாசிலின் முன்பாதி. மரை முழுக்க ஏர்பிரஷ்ஷின் உடம்புக்குள்.

அந்த மரைத்துண்டை எடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை. தையல் ஊசியால் நெம்பினேன், குண்டூசியை வளைத்துக் கொக்கி போட்டேன், கடைசியில் கூம்பான அரத்தின் முனையைச் செருகித் திருப்பியதில் துண்டு வெளியே வந்தது, கூடவே நாசில் உட்காரும் இடத்தில் ஒரு கீறலும். அதன்பின் எத்தனை புது நாசில் போட்டாலும் காற்று கசிந்தது. முன்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட இன்னொரு ஏர்பிரஷ் வாங்கிய செலவு.

உண்மையான எரிச்சல் செலவில் இல்லை. பிறகு நிதானமாகக் கழற்றிப் பார்த்தபோது முன்மூடியின் துளையைச் சுற்றி வளையம் போலக் காய்ந்த பெயின்ட். பஞ்சுக் குச்சியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் நோய், அவ்வளவுதான் மருந்து. நான் இறுக்கியது தளர்ந்தே இருக்கவில்லை.

குமிழ் ஏன் வருகிறது என்று புரிந்தால் கை ஸ்பேனருக்குப் போகாது. நாசிலுக்கு உள்ளே பெயின்ட் ஓடுகிறது, வெளியே சுற்றிலும் காற்று ஓடுகிறது. இரண்டும் நுனியில்தான் சந்திக்க வேண்டும். குமிழ் வந்தால், காற்று பெயின்ட் பாதைக்குள் புகுந்து கப்புக்கு ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு வழி மூன்று: வாசலில் அடைப்பு இருந்து காற்று உள்ளே திரும்புகிறது, நாசிலின் அடியில் கசிகிறது, அல்லது நாசிலே வெடித்திருக்கிறது. முதலாவதுதான் அடிக்கடி வருவது. அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முன்மூடியைக் கழற்றித் துடையுங்கள். கிளீனர் ஊற்றி அடியுங்கள். பிறகு கப்பில் சுத்தமான தண்ணீர் விட்டு, டிரிகரைப் பின்னால் இழுக்காமல் கீழே மட்டும் அமுக்குங்கள். ஊசி மூடியிருக்கும்போதே குமிழ் வந்தால் பெரும்பாலும் அடியில் கசிவு. இழுத்தால் மட்டும் வந்தால் நுனியில்தான் ஏதோ கோளாறு. அடியில் கசிவு என்றாலும் விரலால் திருகி, நின்றதும் ஸ்பேனரால் ஒரு நூல் அளவு, அதற்கு மேல் வேண்டாம். மரையில் துளி தேன்மெழுகு தடவினால் கசிவு நிற்கும். சில ஏர்பிரஷ்களில் நாசிலுக்கு மரையே கிடையாது, வெறுமனே உட்காரும், முன்பகுதி அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டதை வாங்கியவர்கள் பாக்கியசாலிகள்.

சரி, அந்தத் தம்பியின் நாசில் எப்படி வெடித்தது? அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஊசியைப் பின்னாலிருந்து செருகும்போது, "லூசா இருந்தா லீக் ஆகாதா அண்ணா?" என்று கட்டைவிரலால் அழுத்தித் தள்ளியிருக்கிறார். கூரான ஊசி, சன்னமான நாசில். விறகில் ஆப்பு அடித்த கதைதான். ஊசி தானாக எங்கே நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஊசியைப் பிடித்துக்கொள்ளும் பின்திருகை முடுக்க வேண்டும்.

இப்போது நான் நாசிலைக் கழற்றுவது அது தொல்லை கொடுக்கும்போது மட்டும்தான். தினசரி சுத்தம் என்பது கப்பைக் கழுவி, கிளீனர் தெளிவாக வரும்வரை அடித்து, ஊசியை உருவிப் பின்பக்கத்திலிருந்து நுனியை நோக்கித் துடைப்பது. நுனி கொக்கியாக வளைந்திருந்தால் அப்படியே உருவக் கூடாது, வளைவு நாசிலின் உள்ளே கீறிக்கொண்டே வரும். முதலில் முன்மூடியை எடுத்துவிட்டு நுனியை மெல்ல நிமிர்த்த வேண்டும். நாசிலைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் அதற்கு முன் ஊசியைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். மறந்தால் நுனி வளைவது அப்போதுதான்.

அதே அளவில் ஒரு உதிரி நாசிலும் ஊசியும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

காற்றை முதலில் நிறுத்துவது

இரட்டைச் செயல் டிரிகரில் அமுக்கினால் காற்று, இழுத்தால் பெயின்ட். தொடக்கத்தில் எல்லோரும் விரலை ஒரேயடியாக எடுத்துவிடுகிறார்கள். காற்று நின்றபின் வந்த பெயின்ட் நுனியில் தேங்கி, அடுத்த முறை அமுக்கும்போது சொட்டாகப் பறக்கிறது. முதலில் டிரிகரை முன்னுக்குத் தள்ளிப் பெயின்ட்டை நிறுத்துங்கள், காற்று ஒரு நொடி ஓடட்டும், பிறகு விரலை எடுங்கள். வெறும் தண்ணீரை வைத்து அரை மணி நேரம் இதை மட்டும் செய்தால் விரலுக்குப் பிடிபட்டுவிடும். போரடிக்கும்தான்.

எல்லா அக்ரிலிக்கும் ஒன்று என்று நினைப்பது

டமியா நிறுவனத்தின் அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் ஒத்துப்போகும், அது கேட்பதே அப்படிப்பட்ட தின்னரைத்தான். வல்லேஹோ நிறுவனத்தினுடையது மாதிரியான நீர் அடிப்படைப் பெயின்ட்டில் அதே ஆல்கஹாலை ஊற்றினால் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகப் போய்விடலாம். கழுவும்போதும் இதே வம்புதான். முதலில் தண்ணீர் ஓடவிட்டுப் பெயின்ட்டை வெளியேற்றாமல் நேரே ஆல்கஹால் அடித்தால், நாசிலுக்குள் ரப்பர் செய்கிறீர்கள் என்று அர்த்தம். முழு ஏர்பிரஷ்ஷையும் கடுமையான கரைப்பானில் ஊறப்போடுவதும் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிவிடும்.

கம்ப்ரசரில் தண்ணீர்

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கும். டேங்க்கின் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுங்கள், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் ஈரப்பொறியையும் பாருங்கள். பளபளப்பான கவசத்தின் மேல் தண்ணீர்ப் பொட்டு விழுந்த பிறகு யாரும் மறப்பதில்லை.

பிரைமர் தொட்டால் காய்ந்திருக்கிறது, அதனால் காய்ந்துவிட்டது

இல்லை. நாளைக்குப் பாருங்கள்.

முகமூடி

போடுங்கள். "தண்ணீர்ப் பெயின்ட்தானே" என்று சொல்பவர்களின் நுரையீரலும் மற்றவர்களுடையது மாதிரிதான். துகளையும் ஆவியையும் பிடிக்கிற வடிகட்டி உள்ளது வேண்டும். துணி முகமூடி கணக்கில் வராது.

வாஷ்பேசினில் நாசிலைக் கழுவுவது

பேசினின் ஓட்டையை அடைத்துவிட்டுக் கழுவுங்கள். நான் வளைகுழாயைக் கழற்றித் தேடியது இரண்டு முறை. கிடைத்தது ஒரு முறை.