ஸ்ட்ரைக்கர் ஆக வேண்டுமா? பந்து வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பி

கோலாலம்பூர், பினாங்கு பக்கம் சாயங்காலம் திடலுக்குப் போகும் நம்ம பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கால்பந்தில் ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரர், ஆகத்தான் ஆசை. ஆனால் பயிற்சி என்று வந்தால் பெனால்டி பெட்டிக்கு வெளியே நின்று ஓங்கி ஓங்கி அடிப்பதோடு சரி. 2016 பிப்ரவரியில் பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், காற்றிலேயே திசை மாறி உள்ளே போய் அழகான கோலுக்கு ஃபீஃபா தரும் புஸ்காஸ் விருதையே வாங்கித் தந்தது, எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. ஆனால் தம்பி, நீ பார்த்துப் படிக்க வேண்டிய கோல் வேறு. 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டு அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராக 87ஆவது நிமிடத்தில் கார்னர் பந்தை நம்ம என். தனபாலன் தலையால் முட்டி உள்ளே தள்ளினாரே, மலேசியா 1-0 என்று ஜெயித்ததே, அதுதான். அந்த மாதிரி கோல்தான் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு வருஷம் முழுக்கச் சோறு போடும்.

அதனால் முதலில் பந்தே இல்லாமல் ஓடப் பழகு. விங்கில், அதாவது திடலின் ஓரத்தில், நண்பனிடம் பந்து இருக்கும்போது நீ தூரத்துக் கோல் கம்பத்தை நோக்கி இரண்டு எட்டு வை, டிஃபெண்டர் உன்னோடு வருவான், பந்தைப் பார்க்க அவன் தலையைத் திருப்புகிற அந்த நொடியில் பக்கத்துக் கம்பத்துக்குப் பாய்ந்துவிடு. உன்னையும் பந்தையும் அவனால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பாஸ் கிளம்பும்போதே கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்று ஆஃப்சைடில் அடிக்கடி மாட்டுகிறாயா? நேர்க்கோட்டில் ஓடுகிறாய். டிஃபெண்டர்கள் நிற்கும் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, பாஸ் கிளம்பியதும் வளைந்து உள்ளே போ.

அப்புறம்தான் அடி. பெனால்டி புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர். அதற்கு உள்ளே நின்றுகொண்டு, பல திசைகளிலிருந்தும் பந்து போடச் சொல்லி, நிறுத்தாமல் ஒரே தொடுதலில் பாதத்தின் உட்பக்கத்தால் மூலைக்குத் தள்ளு, தரையோடு. வராத காலாலும் அதே அளவு அடி. ஃபுட்சால் கோர்ட்டில் இதை நன்றாகப் பழகலாம், ஆனால் அங்கே ஆஃப்சைடு கிடையாது, பந்தும் அதிகம் துள்ளாது, அங்கேயே கிடந்தால் மேலே சொன்ன ஓட்டம் உனக்கு வரவே வராது. மழை விட்ட பிறகு திடலுக்குப் போ. ஈரப் புல்லில் பந்து வழுக்கும், கீப்பர் கையிலிருந்து நழுவும், யார் அடித்தாலும் நீ கோலை நோக்கி ஓடு. இடி இடித்தால் மட்டும் உடனே வெளியே வந்துவிடு.

பள்ளி அணியை விட்டுவிடாதே. அங்கிருந்துதான் மாவட்டம், மாநிலம், எம்எஸ்எஸ்எம் எனும் தேசியப் பள்ளிப் போட்டி என்று போகும். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது, பகாங் கம்பாங்கில் நாட்டுக்காக 89 கோல் அடித்த மொக்தார் டஹாரி பெயரில் அகாடமி இருக்கிறது. அம்மா அப்பா டியூஷனைப் பற்றிப் பேசினால் கோபப்படாதே, ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வை எழுதியே ஆக வேண்டும். முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் பல மாதம் உட்கார வேண்டிய தொழில் இது, காயமே படாதவருக்கும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஓடுவது கஷ்டம்.

ஒரு நாள் ஒப்பந்தம் வரும். கோல் அடிக்கக் காட்டிய பொறுமையை இங்கேயும் காட்டு. ஃபீஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 3 வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது, மற்றவர்களுக்குப் பொதுவாக 5. சம்பளத் தேதி, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பார். நம்ம லீக்கில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தவித்த ஆட்டக்காரர்கள் நிறைய, நினைத்தாலே வயிறு எரிகிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து வெளியேற ஃபீஃபா விதி இடம் தருகிறது. அதனால் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் பத்திரமாக வை. ஆட்டக்காரர்களுக்கென்றே பிஎஃப்ஏஎம் என்ற சங்கம் இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவர்களிடம் காட்டிக் கேள். இன்றைக்கே போடு என்று யாராவது நெருக்கினால், வீட்டில் படித்துப் பார்க்க ஒரு நகல் கொடுங்கள் அண்ணே என்று மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வா.