மாச்சு பிச்சுவுக்குப் புறப்படும் முன்: குன்னூர்க்காரன் போட்ட தப்புக் கணக்கு

பெரு நாட்டு மலைகளில் இடிபாடாக நிற்கும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவுக்குக் குடும்பத்தோடு சென்று திரும்பிய நாளிலிருந்து, அதற்கு எப்படித் தயாரானீர்கள் என்று குன்னூரில் பலரும் கேட்கிறார்கள். விமானச் சீட்டு வாங்குவது, டாலர் மாற்றுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, நான் சறுக்கிய இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: உயரத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள்

15ஆம் நூற்றாண்டில் இன்கா மன்னர் பச்சகூட்டியின் காலத்தில் எழுந்த மாச்சு பிச்சு, கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர். பள்ளிச் சுற்றுலாக் காலத்திலிருந்து தொட்டபெட்டாவில் ஏறி இறங்கியவனுக்கு இது ஒரு பொருட்டா என்று இறுமாந்திருந்தேன். நான் பார்க்கத் தவறியது இடிபாட்டின் உயரத்தை அல்ல, விமானம் இறங்கும் குஸ்கோ நகரத்தின் உயரத்தை. அது ஏறத்தாழ 3,400 மீட்டர். கடலோர நகரமான லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். 1,850 மீட்டரிலுள்ள குன்னூரில் பிறந்து வளர்ந்த பழக்கம் அதற்குப் போதாது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலையேறி வந்ததும் உப்பியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குஸ்கோ விடுதியில் பெட்டியைத் திறந்தபோது, வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்குப் பாக்கெட் தலையணைபோல விறைத்து, தையல் விடுகிற நிலையில் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்த நான், ஒரு மணி நேரம் கழித்து ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். இரவு முழுவதும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. எங்களோடு வந்த கரூர் மைத்துனரோ ஒரு தொல்லையும் இல்லாமல் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மலை நோய் யாரைப் பிடிக்கும் என்பதற்கு வயதோ உடற்கட்டோ சொந்த ஊரோ அளவுகோல் அல்ல என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

படி 2: முதலில் கீழே இறங்குங்கள்

குஸ்கோவில் இறங்கியதும் விமான நிலையத்திலிருந்தே வாடகைக் கார் பிடித்து, சுமார் 2,800 மீட்டரிலுள்ள உருபம்பாவுக்கோ ஒல்லந்தாய்தம்போவுக்கோ போய் இரண்டு இரவுகள் தங்குங்கள். பிறகு ஒல்லந்தாய்தம்போவிலிருந்து ரயிலில் மாச்சு பிச்சுவின் அடிவாரத்து ஊரான ஆகுவாஸ் காலியெந்தேஸ் சென்றால், அது 2,040 மீட்டர்தான், நம் ஊர்க் குளிர்தான். அங்கிருந்து பேருந்தில் மாச்சு பிச்சு. குஸ்கோவைக் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொண்டால், அதற்குள் உடல் பழகியிருக்கும். அடுத்த முறை போனால் நான் இந்த வரிசையைத் தவிர வேறொன்றை யோசிக்கவே மாட்டேன்.

ரயிலுக்குப் பதிலாக மாச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் நான்கு நாள் இன்கா பாதையில் செல்ல விரும்புவோர் 4,215 மீட்டர் கணவாய் ஒன்றைக் கடக்க வேண்டும் என்பதையும், உரிமம் பெற்ற முகவர் வழியாக மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதையும், பிப்ரவரியில் அப்பாதை மூடப்படும் என்பதையும் நினைவில் வைக்கவும். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம்.

படி 3: மருத்துவரைப் பாருங்கள்

மலை நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரையை உயரம் ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால், மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காமல் மருத்துவரிடம் சொல்லியே வாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியை நான் இனிமேல் கொண்டுபோக மாட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துப் பயந்ததுதான் மிச்சம்.

படி 4: நடைப் பயிற்சி

இது கால்களுக்கான பயிற்சி மட்டுமே, மூச்சுக்கானது அல்ல. குன்னூரை அடுத்த ட்ரூக் எனப்படும் பக்காசுரன் கோட்டை எனக்கு மிகவும் பிடித்த பயிற்சிக் களம். திப்பு சுல்தான் காலத்துக் காவல் கோட்டையின் இடிந்த சுவர் வரை, தேயிலைத் தோட்டம் வழியாக முதுகுப்பையோடு ஏறி இறங்குங்கள். வழியில் காட்டெருமை நின்றால் அது போகும்வரை காத்திருங்கள். இறங்குவதில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் மாச்சு பிச்சுவின் கற்படிகள் முழங்காலைத்தான் கேட்கும். புது ஷூவைப் பயணத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைக்காமல், ஒரு மாதமாவது அணிந்து தேய்த்துவிடுங்கள். கைத்தடிக்கு ரப்பர் முனை கட்டாயம்.

படி 5: நுழைவுச் சீட்டு

உள்ளே சுற்றிப் பார்க்க மூன்று சுற்றுப்பாதைகள் உள்ளன. முதல் முறை போகிறவர்கள் இரண்டாவதை எடுங்கள். படங்களில் காணும் காட்சியும் கட்டடங்களும் அதில்தான் சேர்ந்து கிடைக்கின்றன. சீட்டில் நேரமும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 40×35×20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பைக்கு அனுமதி இல்லை. உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலிலேயே போய்விட்டு நுழையுங்கள்.

வாசகர்கள் கேட்டதால் பின்னர் சேர்த்தவை

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறதே, சீட்டுப் படிவம் அதைக் கேட்கிறதே என்று இருவர் எழுதியிருந்தார்கள். முன்னெழுத்தோடு வாழும் நமக்கே உரிய சிக்கல் இது. பெயரை எப்படிப் பிரித்து எழுதினாலும் விமானம், ரயில், நுழைவு மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். சீட்டு வாங்கிய பின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் கையில் வையுங்கள்.

நான் எழுத மறந்த இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவிலிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்திறங்குவோரிடம் அதற்கான சான்று இல்லையென்றால் தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாதவர்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

குஸ்கோ விடுதிகளில் கொடுக்கும் கோக்கா இலைத் தேநீரைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே அது சட்டப்படி விற்கப்படுகிறது, நானும் குடித்தேன், கசப்பு குறைந்த பச்சைத் தேயிலைபோல இருந்தது. ஆனால் கோக்கா இலை இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. நினைவுப் பொருளாக ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.